இருவரும் ஒருவரே

சலவைத்தூள் விலை இரண்டு மடங்கான வருடத்தில், லாண்டரிக்காரியின் மூத்த மகள், இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்துபோனவள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடைக்கு வந்து கவுன்டருக்குக் கீழே நின்றுகொண்டு "அம்மா, தூக்கு" என்றாள். வயது இரண்டரை. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட பச்சைச் சட்டையோடுதான் வந்திருந்தாள். காய்ச்சல் மட்டும் இல்லை. லாண்டரிக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் தூக்கினாள், ஏனென்றால் அடியில் இருந்தது வாடிக்கையாளரின் பட்டுச் சட்டை. தூக்கிய பிறகுதான் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். சாவி செய்கிற எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்து, உங்க மூத்தது மாதிரியே இருக்கே என்றார். மூத்ததேதான் என்றாள். அப்படியா, என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தார்.

இத்தனைக்கும் காரணம் அவள் கொழுந்தன்தான். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. லிப்ட் மெக்கானிக், முட்டி உடைந்து வீட்டோடு உட்கார்ந்தபோது, இணையத்தில் வம்சாவளி போடுகிற ஒரு தளத்தில் சேர்ந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் வம்சம். நல்ல விஷயம்தானே என்று எல்லோரும் இருந்தார்கள். ஆனால் அவன் யாரையும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். முன்பின் தெரியாத ஒருவர் போட்டு வைத்ததை அப்படியே எடுத்துத் தன் வம்ச மரத்தில் ஒட்டுவான். அந்த மரத்தில் ஒரு பாட்டன் மூன்று வயதில் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு கொள்ளுப்பாட்டி செத்து எட்டு வருடம் கழித்துப் பிள்ளை பெற்றாள். அவர்கள் யாரும் வந்து சண்டை போடாததால் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

மூத்தவள் போன மறுவருடம் பிறந்தவள் இளையவள். அவளுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். வீட்டில் அந்தப் பெயரை மறுபடியும் வாய்விட்டுக் கூப்பிட வேண்டும் என்று தாய் கேட்டாள். அப்போது அவள் கேட்டதை மறுக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒரே பெயர், ஒரே அப்பா அம்மா. தளம் அதைப் பார்த்துச் சிவப்புப் புள்ளி ஒன்றை வைத்து, 'இருவரும் ஒருவராக இருக்கலாம், சேர்க்கவா?' என்று கேட்டது. கேட்டது இயந்திரம், அதற்கு என்ன தெரியும்? இவனுக்குத் தெரியும். அந்தப் பிள்ளை கடைசியாக வீட்டை விட்டுப் போனதே இவன் கையில்தான். இருந்தும், அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணை உறுத்துகிறது என்று 'ஆம்' என்பதைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனான், படுபாவி. தட்டியதும் மூத்தவள் இறந்தவர்களில் இல்லாமல் போனாள். கணக்கில் வராத பிள்ளையை அங்கே யார் வைத்துக்கொள்வார்கள்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் அரை நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ் டிரைவரான அப்பா வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆப்பிளைச் சின்னச் சின்னதாக நறுக்கினார். மதியம் பல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அங்கே வேலை பார்க்கும் இளையவள், நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடியே காலை பத்து மணிக்குத் தூங்கிப்போனாளாம், என்ன செய்தும் எழவில்லையாம். ஆட்டோவில் கொண்டுவந்து போட்டார்கள். மூத்தவள் ஆப்பிள் தின்று கண்ணயர்ந்த அதே நொடியில் இளையவள் எழுந்து, நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்டாள். பிள்ளை புரண்டு விழித்ததும் இவள் சாய்ந்துவிட்டாள். மரத்தில் ஒரு மகள்தான். ஆகவே ஒருத்திக்குத்தான் விழிப்பு. பிள்ளைக்கோ விளையாட்டு கூடக் கூடத் தூக்கம் குறைந்தது. வாரக் கடைசியில் இளையவளுக்குக் கிடைத்த பகல், பல் தேய்த்துச் சாப்பிடுவதற்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. வேலை போய்விடும் நிலை. அதைவிட அவளுக்கு வேறொரு குறை.

"எல்லாரும் அக்காவைப் பார்த்துட்டீங்க. எதிர்க்கடை அங்கிள்கூட தூக்கி வெச்சுக்கிட்டார். நான் முழிச்சா அவ தூங்குறா. ஒரு தடவை பேசக்கூட முடியாதாம்மா?"

லாண்டரிக்காரி கடையை அப்படியே திறந்து போட்டுவிட்டுக் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள். அவன் வரவேற்றான். நம்ம மரத்தை எத்தனை பேர் காப்பி எடுத்திருக்காங்க பாருங்கண்ணி, என்று திரையைத் திருப்பிக் காட்டினான். அவள் அதுவரை அவனைத் தம்பி, வாங்க, போங்க என்றுதான் பேசி வந்தாள். அன்றைக்கு எல்லாம் போயிற்று.

"என் கடையில ஒரே சைஸ்ல, ஒரே வெள்ளையில நாப்பது சட்டை தொங்குது. எல்லாம் ஒரே ஆளோடதுன்னு ஒண்ணா மடிச்சுக் குடுத்தா செருப்பால அடிப்பான். நீ என் ரெண்டு பிள்ளைங்களை ஒண்ணா மடிச்சியே, உனக்கு என்ன கொழுப்பு?"

"தளம்தான் அண்ணி கேட்டுச்சு…"

"அது கேட்டா? நீ என்னைக் கேட்டியா? ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன், உயிரோட?"

பிரிப்பதற்கும் வழி இருந்தது. மறுநாள் அவனே நொண்டிக்கொண்டு கடைக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான். இருவரும் வேறு வேறு என்று குறித்தாயிற்று. இளையவள் பிறந்த தேதி, மூத்தவள் பிறந்த தேதி எல்லாம் போட்டாயிற்று. மூத்தவள் இறந்த தேதி என்ற இடத்தில் அவன் கை நின்றது. பிள்ளை அந்த நேரம் அப்பாவின் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. அவர் புது ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். நீங்களே போட்டுடுங்கண்ணி, என்றான். அவளுக்கு வந்த கோபத்தில் கொக்கியில் தொங்கிய துணிகளெல்லாம் தாமாகவே சுருக்கம் நீங்கி விறைத்து நின்றன. "ஒரு தடவை ஆஸ்பத்திரியில நான் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தேன்டா. இன்னொரு தடவை என்னால முடியாது. அழிச்சவன் நீ, நீயே போடு." அவன் அழுதுகொண்டே போட்டான். டிரைவரின் கையில் ஷூ மட்டும் இருந்தது. அவர் அதன் நாடாவை முழுதாகக் கட்டி முடித்தார். உள்ளறையில் இளையவள் எழுந்து, தண்ணீர் கேட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை. மறுநாள் சாயங்காலம் பிள்ளை மீண்டும் வந்தது, கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. காப்பி எடுத்தவர்கள் எல்லோரிடமும் பழைய தப்பு அப்படியே இருந்தது. மூலத்தில் திருத்தியாகிவிட்டதால் அவளால் தங்க முடியவில்லை; எங்கோ எவனாவது பொழுதுபோகாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வந்தாள், மூடினால் போனாள். இளையவள் மாடிப்படியிலும் பஸ்ஸிலும் தூங்கி விழுந்தாள். ஒருமுறை நெற்றி உடைந்து தையல் போட்டார்கள். லாண்டரிக்காரி ஒவ்வொருவருக்கும் செய்தி அனுப்பினாள். வந்த பதில்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பார்க்கிறேன் என்றான் ஒருவன், பார்க்கவில்லை. என் மரம், என் இஷ்டம் என்றாள் ஒருத்தி. அவளுக்கும் இவர்களுக்கும் எந்த வகையிலும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அதே குடும்பப் பெயர் கண்ணில் பட்டதாம், எடுத்துக்கொண்டாளாம். பெரிய ஆராய்ச்சிக்காரர் ஒருவர், அப்படி ஒரு பிள்ளை இருந்ததற்கு ஆதாரம் அனுப்புங்கள் என்று எழுதினார். எடுத்து ஒட்டும்போது கேட்காத ஆதாரம், திருத்தச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது! "பெத்தவ நான் சொல்றேன், அதுக்கு மேல என்னடா ஆதாரம்?" என்று லாண்டரிக்காரி திருப்பி அடித்தாள். ஒவ்வொருவராய்த் திருத்தினார்கள். அதற்கே இரண்டு வருடம் ஆயிற்று. சலவைத்தூள் இன்னொரு முறை விலை ஏறியது.

கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு காப்பி. அதை எடுத்தவர் கடல் கடந்த ஊரில் தனியாக இருந்த ஒரு தூரத்து மாமா, பதிலே போடவில்லை. விசாரித்தால், அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது, கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. ஆனால் செத்தவர் பக்கத்தை யார் திறக்கப்போகிறார்கள்? பிள்ளை வருவது நின்றது. இளையவள் கண் விழித்தபடி வேலைக்குப் போய் வந்தாள், சம்பளமும் உயர்ந்தது. நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது, லாண்டரிக்காரியின் கோபம் மட்டும் தணியவில்லை. காலரில் கறை இருந்ததற்கு வாடிக்கையாளரைத் திட்டினாள். குழாயைத் திட்டினாள். டிரைவர் மூச்சு விடுகிற சத்தத்துக்குக்கூடத் திட்டு வாங்கினார். அந்தப் பக்கத்தை நீக்கச் சொல்லித் தளத்துக்கு ஒரு புகார் கொடுத்தால் போதும் என்று இளையவள் கண்டுபிடித்துச் சொன்னபோது, "குடேன், யாரு வேணாம்னா?" என்று எரிந்து விழுந்தாள். இளையவள் புகார் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் இளையவள் தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்து, போனில் அந்தத் தூரத்து மாமாவின் பக்கத்தைத் தேட ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே? திறந்தா தூங்கிடுவே."

"தெரியும்மா. இன்னைக்கு எனக்கு லீவுதானே? அக்கா வந்தா நான் கேட்டேன்னு சொல்லு."

லாண்டரிக்காரி வாய்க்கு வந்தபடி திட்டினாள்: வம்சத்தை, அந்த மாமாவை, தளத்தை, காப்பி எடுத்தவர்களை எல்லாம் வரிசையாக, ஒருவர் விடாமல். திட்டி முடிப்பதற்குள் மகள் தூங்கிவிட்டாள். வாசலில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது, தாழ்ப்பாளுக்கு வெகு கீழே. "வரேன், வரேன்" என்று குரல் கொடுத்தவள், மகளின் கையிலிருந்த போனை மெல்ல உருவிச் சார்ஜரில் செருகிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.