சுருட்டுப் பெட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றியது?

பெட்டியின் மூடியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ந்து சருகாகிக் கிடக்க வேண்டிய சுருட்டுகள் நேற்றுத்தான் வாங்கி வைத்தவை மாதிரி கொழுகொழுவென்று இருந்தன. ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினேன். அமுங்கி, மெதுவாக மறுபடியும் பழைய உருவத்துக்கு வந்தது. மூடியின் உட்பக்கம் பதித்திருந்த ஈரப்பத மீட்டரில் முள் அறுபத்தெட்டில் நின்றது.

இதில் தூக்கிவாரிப் போட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தப் பெட்டி என் அப்பாவுடையது. அப்பா கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஐந்து மாதத்தில் நானோ என் கணவரோ அதை விரலால்கூடத் தொடவில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்கள் பெரிய டாக்டர் நெஞ்சு நோய்க்காரர்களைப் பார்ப்பவர். புகை பிடிக்காதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சுருட்டு பிடிப்பார். வீட்டில் அப்பாவுடைய சுருட்டு சும்மா கிடக்கிறது, வேண்டுமா என்று அவரிடம் கேட்டிருந்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அஞ்சு மாசமா யாரும் கவனிக்கலன்னா அது குப்பைம்மா. பெட்டிக்குள்ள ஈரப்பதம் அறுபத்தஞ்சுலேருந்து எழுவதுக்குள்ள இருக்கணும். கூடினா பூஞ்சை பிடிக்கும், புழு வரும். கொறஞ்சா பொடிப்பொடியா உதிரும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணி ஊத்தணும். அதுவும் குழாய்த் தண்ணி ஆகாது, பேட்டரிக்கு ஊத்துற சுத்தமான தண்ணிதான். இந்த வெயில் காலத்துல ஊத்தாம விட்டா ஒரே மாசத்துல கதை முடிஞ்சுது."

சரி, குப்பை என்றால் குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம் என்றுதான் அன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் அப்பாவின் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூலையில் ஸ்பாஞ்ச் வைத்த சின்ன டப்பா இருக்கும், தண்ணீர் அதில்தான் ஊற்றுவது. தொட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று ஈரமாக இருந்தது.

யாரோ பூட்டிய வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை, ஐந்து மாதமாக வந்துகொண்டிருக்கிறார்கள். பீரோவைத் திறந்து பார்த்தேன். நகை இருந்தது, பணம் இருந்தது. சுருட்டை எண்ணினேன், நாற்பத்தொன்று. முன்பு எத்தனை இருந்தது என்று எனக்கு எங்கே தெரியும்?

கணவர் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பவர். அப்பா அவருக்கு வைத்த பெயர் 'கிளட்ச்'. வீட்டுக்கு வந்தவரைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களா அந்தப் பெட்டிக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

"எந்தப் பெட்டிக்கு? உங்கப்பா பெட்டிக்கா? எனக்கு வேற வேலை இல்ல பாரு."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. வீரம் பேசுவதில் மட்டும் குறைச்சல் இல்லை. "கையில கெடைக்கட்டும், முட்டிய ஒடைக்கிறேன்" என்றபடி சமையலறைக் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

அப்பாவாக இருக்குமோ என்று தோன்றவில்லையா என்று கேட்காதீர்கள். தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே தள்ளிவிட்டேன். அப்பா இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் துறைமுகத்தில் அவருடைய பழைய நண்பர் வீட்டில் இருக்கிறார். முதல் தேதி ஆனால் நான் போன் செய்வேன். பின்னால் கப்பல் இரைச்சல் கேட்கும். போதாக்குறைக்கு, போகும்போது வீட்டுச் சாவியை என் முகத்துக்கு நேராக மேஜைமேல் விசிறிவிட்டுத்தான் போனார்.

அந்தச் சண்டையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சீஃப்'. பெட்டியை அவரே இழைத்துச் செய்தார், உள்ளே தேவதாருப் பலகை பதித்து, இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். ஒருநாள் அவருடைய நெஞ்சை நானே எக்ஸ்ரே எடுத்தேன். படத்தைப் பார்த்த பெரிய டாக்டர், இன்றோடு நிறுத்தச் சொல்லு என்றார். அன்று சாயங்காலமே மனுஷன் பால்கனியில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்ததே கோபம். "உனக்கு அந்தப் பெட்டி முக்கியமா, நான் முக்கியமா?" என்று கத்தினேன். "பெட்டிதான்" என்றார். ஒரு பையோடு கிளம்பிவிட்டார். பெட்டிதான் என்றவர் பெட்டியை விட்டுவிட்டுப் போனார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அது உறைக்கவில்லை.

பின் தெருவில் பூட்டுக் கடை வைத்திருப்பவரை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். வாசல் கதவின் பூட்டைக் கழற்றிப் புதுசு மாட்டினார். "என்னம்மா, திருட்டா?" என்று கேட்டார். பயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டது.

"எவனோ வந்து சுருட்டுப் பெட்டிக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறான். எவனா இருந்தாலும் சரி, இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அவர் சிரித்துக்கொண்டே புதுச் சாவி இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் வேலைக்குப் போகுமுன் மீட்டரைப் பார்ப்பேன். அறுபத்தேழு. அறுபத்தைந்து. அறுபத்திரண்டு. முள் இறங்க இறங்க எனக்கு நிம்மதி. வந்தவன் வரவில்லை, பூட்டு வேலை செய்கிறது. மூன்று வாரத்தில் ஐம்பத்தெட்டுக்கு வந்துவிட்டது. அமுக்கிப் பார்த்த சுருட்டில் மேல் இலை மொறுமொறுவென்று விரிசல் விட்டது. ஒழிந்தது சனியன் என்று மூடியைச் சாத்தினேன்.

முதல் தேதி வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அதற்கு மறுநாள் நான்கு தடவை அடித்தேன். எடுக்கவே இல்லை. இந்த நேரம் பார்த்து என் கணவர் புதுச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார். அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, வேறு சாவி வெட்ட நானே பூட்டுக் கடைக்குப் போனேன்.

"பெரியவருக்கும் சேத்து ரெண்டா வெட்டிடவா?" என்றார் பூட்டுக்காரர்.

"எந்தப் பெரியவர்?"

"உங்கப்பாதாம்மா. சீஃப். போன வாரத்துக்கு முன் வாரம் வந்தாரு. சாவி சேரமாட்டேங்குது, தேஞ்சிருக்கும் போல, கொஞ்சம் ராவிக் குடுன்னாரு. உங்க பழைய பூட்டுச் சாவிக்கு எங்கிட்ட அச்சு இருந்துச்சு, நான்தான் அஞ்சு மாசம் முன்னாடி அவருக்கு அத வெட்டிக் குடுத்தேன். தேஞ்சு போகுமா? சாவில ஒண்ணும் இல்ல சீஃப், உங்க பொண்ணு பூட்டயே மாத்திட்டாங்கன்னேன்."

"வேற என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதத்தாம்மா சொன்னேன். எவனோ வந்து சுருட்டுப் பெட்டிக்குத் தண்ணி ஊத்துறானாம், இனிமே அவன் வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்கன்னு. அப்படியான்னாரு. வேற ஒண்ணும் பேசல. கையில வெச்சிருந்த பாட்டில இங்கயே மறந்துட்டுப் போயிட்டாரு."

எழுந்து பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் கடைப் பலகைமேல் வைத்தார். பேட்டரித் தண்ணீர். மூடி பிரிக்காதது.

தலையில் இடி விழுந்தது போல நின்றேன். திருடனுக்கு என்று நினைத்துச் சொன்ன வார்த்தை நேராக அப்பா காதில் போய் விழுந்திருக்கிறது. அதுவும் கடைத்தெருவில், மூன்றாம் மனிதர் வாயால்.

"அவர் துறைமுகத்துலல்ல இருக்காரு?" என்றேன்.

"என்னம்மா நீங்க? இதோ, நாலு கடை தள்ளி லாண்டரி மாடியில ரூம் எடுத்துத் தங்கியிருக்காரே. வீடு எடம் பத்தல போலன்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியாதா?"

நாலு கடை தள்ளி! ஐந்து மாதமாக!

நடந்துகொண்டே கணவருக்குப் போன் செய்தேன். எனக்கு இன்னொரு விஷயம் பொறி தட்டியிருந்தது. "உண்மையச் சொல்லுங்க. ரெண்டு மாசம் முன்னாடி சமையலறைக் குழாய் ஒழுகினத நீங்களா சரி பண்ணீங்க?"

"நீ ஆள் வெச்சுப் பாத்திருப்பன்னு நெனச்சேன். நீயே வந்து, பரவாயில்லயே, உங்களுக்குக்கூடக் கை வேலை வருதேன்னு பாராட்டுன. சரி, வர்ற பாராட்ட ஏன் விடணும்னு..."

போனை வைத்துவிட்டேன். இரண்டு மாதமாக அந்தக் குழாயைக் காட்டி மார் தட்டிக்கொண்ட மனுஷனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம்.

லாண்டரி வாசலில் கால் வைத்ததும் மறுபடியும் பகீரென்றது. உள்ளே பெரிய துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலை எனக்கு நன்றாகத் தெரியும். மாதா மாதம் போனில் கேட்டு, கப்பல் என்று நம்பின இரைச்சல். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சீஃபப் பாக்கவா? மேலதான் இருக்காரு. சீக்கிரம் போங்க, நாளைக்குக் காலையில ரூமக் காலி பண்றாரு. எங்கயோ துறைமுகத்துல கூட்டாளி வீட்டோடயே போயிடப் போறாராம்."

படி ஏறின நினைவே இல்லை. கதவு திறந்துதான் கிடந்தது. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னல். அந்த ஜன்னலில் எங்கள் வீட்டு பால்கனி தெரிந்தது. நான் காலையில் காயப்போட்ட துண்டு தெரிந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்து சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"ஏம்ப்பா போன எடுக்கல?"

"பூட்ட மாத்தினதுக்கு அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு பாப்பா?"

"நீன்னு எனக்குத் தெரியுமா? திருடன்னு நெனச்சேன்."

"எந்தத் திருடன் பேட்டரித் தண்ணியோட வருவான்?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. "சொந்த வீட்டுக்கே கள்ளச்சாவி போட்டு வர்ற மனுஷன எங்கயாவது பாத்திருக்கியா? டாக்டர் அவ்வளவு சொல்லியும், யாருக்கும் தெரியாம சுருட்டு பிடிக்க..."

"பிடிக்கவா?" சட்டையைக் கீழே வைத்தார். "போகும்போது நாப்பத்தொண்ணு இருந்துச்சு. போய் எண்ணிப் பாரு. அன்னிக்கு வாசல் எறங்கினதோட விட்டாச்சு."

நான் எண்ணியிருந்தேன். நாற்பத்தொன்று. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"விட்டுட்டு எதுக்குப்பா அதுக்குத் தண்ணி ஊத்தின?"

"அதுவும் காஞ்சு போச்சுன்னா அந்த வீட்டுக்குள்ள எனக்கு என்ன வேலை? தண்ணி ஊத்துவேன். முள்ளு ஏறுற வரைக்கும் கொஞ்ச நேரம் ஹால்ல உக்காந்திருப்பேன். கெளம்பி வந்துடுவேன்."

"விட்டுட்டேன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் போன எடுத்தேன்." என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "சாப்டியான்னு கேட்ட. மாத்திர போட்டியான்னு கேட்ட. மூச்சு வாங்குதான்னு கேட்ட. வான்னு மட்டும் சொல்லல. சரி, அடுத்த மாசம் நீ சொல்லுவன்னு போன வெச்சுட்டேன்."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இல்லவே இல்லை, சொன்னேன் என்று அடித்துப் பேசத்தான் திறந்தேன். ஐந்து மாதத்தில் ஐந்து போன். ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சாப்பாடு கேட்டிருக்கிறேன். மருந்து கேட்டிருக்கிறேன். அங்கே வெயில் எப்படி என்றுகூடக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கோபித்துக்கொண்டு போனவர் அவர்தானே, அவரே வரட்டும் என்று ஒவ்வொரு தடவையும் விழுங்கினேன். ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவைகூட.

அப்பா மறுபடியும் சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"வாப்பா" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே லாண்டரி அம்மாள் "என்னம்மா ஆச்சு?" என்று குரல் கொடுத்தாள்.

அப்பாவின் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.