கோழிக்குப் போடும் பொடி

அண்ணனுக்குப் பரம்பரையாகக் கோழித்தீவனம்தான் தொழில். இறால் தீவனத்தில் இறங்கியது போன வருஷம்தான். அதுவும் தங்கை இறால் வளர்ப்புப் படிப்பைப் படித்துவிட்டு வந்து, கலவையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன தைரியத்தில். அவளை ஒரு வார்த்தை கேட்காமலே இந்தத் தடவை விலை அதிகமான மீன்தூளைப் பாதியாகக் குறைத்து, சோயாவைக் கொட்டி, கோழிக்குப் போடுகிற மெத்தியோனைன் பொடியைக் கலந்து அரைத்துவிட்டான் மகராசன். மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. போகிற இடம் அவர்களுடைய அக்காவின் இறால் குளங்கள். அத்தான் போன பிறகு அக்காவுக்கு அந்த இறாலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

விஷயம் தெரிந்ததும் தங்கைக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே அண்ணன் அறைக்குப் போனாள்.

"என்னைக் கேக்காம யாரு கலவைய மாத்தச் சொன்னா?"

"புரதம் அதே அளவுதான் இருக்கு. மூட்டையில போட்ட சதவீதம் மாறல. அப்புறம் என்ன?"

"புரதம் இருந்து என்ன பண்ண? மெத்தியோனைன்கிற அமினோ அமிலம் இறால் உடம்புல தானா உண்டாகாது, தின்னுதான் ஆகணும். அது குறைஞ்சா மத்தது எவ்வளவு இருந்தும் வளராது."

"அதான் பொடி போட்டிருக்கேனே. அதைத் தின்னு கோழி கொழுகொழுன்னு நிக்கல?"

"கோழி கொத்தி முழுங்கும். இறால் கால்ல புடிச்சுக்கிட்டு ஆற அமரக் கொறிக்கும். அதுக்குள்ள உன் பொடி தண்ணியில கரைஞ்சு போயிடும். கரையாம இருக்கப் பூச்சு பூசின பொடி வேணும்னு ஆரம்பத்துலயே தலைபாடா அடிச்சுக்கிட்டேன்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆகவே ஆகாது. மேஜைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளரில் மாதிரிக்கு வைத்திருந்த புதுத் தீவனத்தில் ஒரு பிடி போட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரை மட்டும் வடித்து அவன் மூக்கருகே நீட்டினாள். மீன் வாடையையும் மீறி அந்தப் பொடியின் கந்தக நாற்றம் வந்தது. கோழித்தீவனக்காரனுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவன் முகம் சுண்டிப்போயிற்று.

"சரி விடு," என்றான். "அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம். இது போகட்டும். அக்காவுக்கு என்ன தெரியப்போகுது?"

அடப்பாவி, கூடப்பிறந்தவளுக்கேவா! அவள் எழுந்தாள். வெளியே போய், லாரி கழுவுகிற குழாயைத் திறந்து, ஏற்றி வைத்த மூட்டைகள்மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். சுமை ஏற்றுகிறவர்கள் விழுந்தடித்து ஓடினார்கள். நனைந்த தீவனத்தை எந்தக் குளத்துக்கும் அனுப்ப முடியாது. அது அண்ணனுக்கும் தெரியும்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று ஓடிவந்தான். "நாளையிலேந்து இந்தப் பக்கம் தலைகாட்டாத."

"காட்டல. ஆனா இது அக்கா குளத்துக்குப் போகாது. நீ திரும்ப ஏத்து, நான் திரும்ப நனைக்கிறேன்."

அவன் போன் அடித்தது. அக்கா. ஸ்பீக்கரைப் போட்டுத் தங்கையிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"உன்னைத்தான் கூப்பிடறா. நீயே பேசு," என்றாள் தங்கை.

"லோடு கிளம்பிடுச்சாடா?" என்றாள் அக்கா. "இறால் தோல் உரிச்சிட்டுப் பசியோட கிடக்கு."

"இல்லக்கா. இன்னிக்கு வராது. தீவனம் சரியில்ல."

"யாரு கெடுத்தது? அவளா?"

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. கையில் இருந்த குழாயையும் கீழே போடவில்லை.

"நான்தான்கா," என்றான்.