ஒரு கிண்ணம் டான்டிலயன் வறை

இருதயத்தில் வால்வு மாற்றிய பிறகு விஜயரத்தினத்துக்கு வாய் ருசி போய்விட்டது. டொக்டர் உப்பை நிறுத்தினார், பொரியலை நிறுத்தினார். மிச்சத்தை அவராகவே ஒதுக்கினார். விடிய எழும்பி அலுவலகங்களைத் துப்புரவாக்கிவிட்டு வரும் மனைவி சிவனேஸ்வரி, அலுத்துப்போய்ச் சமைத்ததை அலுத்துப்போய்க் குப்பையில் கொட்டினாள்.

அவர்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மோர்டன் வீட்டின் பின்பக்கத்தில் டான்டிலயன் என்ற மஞ்சள் பூக் களை தானாக முளைத்துக் கிடந்தது. அதைத் தின்னலாம் என்று வேலையிடத்து இத்தாலிக்காரி சொல்லியிருந்தாள். ஒருநாள் இளம் இலையாகக் கிள்ளி, நூலாக அரிந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை செய்தாள். விஜயரத்தினம் மறுசோறு கேட்டார்.

"பாவற்காயை விடக் கசக்குது. நல்லாக் கிடக்கு."

அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆனாலும் பழைய மீன் பெட்டிகளில் மண் நிரப்பி விதை தூவினாள். இலை முற்றாமலிருக்க மொட்டுகளைக் கிள்ளினாள். பக்கத்து வீட்டுக்காரர் வேரோடு பிடுங்கி எறியும் களைக்கு இவள் தண்ணீர் ஊற்றினாள். வறை தினமும் சட்டி நிறைய வெந்தது.

அந்த மாதம் கிளினிக்கில் இரத்தம் பார்த்த நர்ஸ் பிரீத்தா முகம் சுளித்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை.

"அங்கிள், ரத்தம் சீக்கிரமா உறையுதே. வார்ஃபரின் மாத்திரை போட மறந்தீங்களா?"

"இவ மறக்க விடுவாவோ?" என்று பக்கத்திலிருந்த சிவனேஸ்வரியைக் காட்டினார்.

"சாப்பாட்டுல புதுசா ஏதாவது? கீரை?"

விஜயரத்தினம் சுவரைப் பார்த்தார். கதிரைக்குக் கீழே அவருடைய சப்பாத்து சிவனேஸ்வரியின் காலை மிதித்தது. சொன்னால் அவருக்கு இந்த ருசியும் போய்விடும். சொல்லாவிட்டால் வால்வில் இரத்தம் கட்டியாகும், கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். ஆஸ்பத்திரியிலேயே அதைச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

"ஓம் பிள்ளை," என்றாள். "டான்டிலயன். ஒவ்வொரு நாளும் குடுக்கிறன்."

"தோட்டத்துல களையா வருமே, அதையா?"

"களையில்லை. நான் வளர்க்கிறன்."

பிரீத்தா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அதுல விட்டமின் கே ஜாஸ்தி ஆன்ட்டி, மருந்தோட வேலையைக் கெடுக்கும். நிறுத்த வேண்டாம். ஆனா தினமும் ஒரே அளவு, கொஞ்சமா. ஒருநாள் சட்டி நிறைய, மறுநாள் ஒண்ணுமில்லைன்னு இருக்கக் கூடாது. அதுக்கேத்த மாதிரி மாத்திரையைச் சரி பண்ணிடறோம். அடுத்த வாரம் வாங்க."

பஸ்ஸில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமே நீர்?"

"திறக்காட்டி உங்கட வாய் கோணியிருக்கும்."

"இப்பவும் கோணலெண்டுதானே சொல்லுவீர்."

அவள் யன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். தினமும் ஒரே அளவென்றால் பனிக்காலத்திலும் இலை வேண்டும். பெட்டிகளைக் குசினி யன்னலுக்குள் தூக்கவேண்டும். இன்னுமொரு வேலை.

அன்று பின்னேரம் சிறிய கிண்ணத்தால் அளந்து போட்டாள். அவர் சோற்றுக் கோப்பையை வழித்தார்.

"இன்னுமொரு கரண்டி போடுமன்."

"ஏலாது."

"சட்டியிலை கிடக்குத்தானே!"

கிடந்தது, பழக்கத்தில் நிறையச் செய்துவிட்டாள். வைத்துவிட்டுப் படுத்தால், விடிய அவள் வேலைக்குப் போனதும் சட்டி காலியாகும் என்பது தெரிந்ததுதான். கொட்டவும் கை வரவில்லை. முழுவதையும் தன் கோப்பையில் போட்டு, நின்றபடியே வாயில் அடைத்துக்கொண்டாள்.

"நல்லாக் கிடக்கென்ன?" என்று ஏக்கத்தோடு கேட்டார் விஜயரத்தினம்.

அவள் கண்ணை மூடிக் கசப்பை விழுங்கிவிட்டு, சட்டியைக் கழுவ எடுத்தாள்.