பதினொரு தெரு தள்ளி ஒரு சமையலறை

பர்கர் கடை புது இடத்தில் திறந்த முதல் நாள் காலை, பதினொரு தெரு தள்ளிப் பழைய கட்டடத்திலேயே பிடிவாதமாக நின்றுவிட்ட தம்பியின் கை, புதுக் கடையின் சுவருக்குள்ளிருந்து ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவலை நீட்டியது. வறுவல் சூடாக இருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல், கோபத்தில் போட்டது. அதை வாங்கிக்கொண்டவர் தபால்காரர். அவருக்கு இருந்த பசியில் அது யார் கை, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை.

அந்தக் கடையை இருபத்திரண்டு வருடமாக ஒரு அக்காவும் தம்பியும் நடத்தி வந்தார்கள். அவர்களுக்குப் பெயர் இருந்தாலும் வட்டாரத்துக்கே அவள் அக்கா, அவன் தம்பி. அக்கா கல்லாவில், தம்பி சமையலறையில். நடுவில் ஒரு சுவர், சுவரில் இரண்டடிக்கு இரண்டடியில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே ஒரு மரப்பலகை. வருகிறவர் கேட்பதை அக்கா சீட்டில் எழுதிக் கம்பியில் குத்துவாள். தம்பி செய்து பலகையில் வைத்துவிட்டு விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவான். ஒரு தட்டு என்றால் பன் தீரப்போகிறது, மூன்று தட்டு என்றால் எழுத்து புரியவில்லை. இதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவைப்படாமல் ஆயிரக்கணக்கான பேரின் வயிறு நிறைந்தது. அதனால் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றபோது கடைக்கு ஒரு குறையும் வரவில்லை, வியாபாரம் அது பாட்டுக்கு நடந்தது. அதுதான் வினையாகப் போனது.

பேச்சு நின்றது இப்படித்தான். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், காலி செய்யவேண்டும் என்று தகவல் வந்தது. அக்கா அலைந்து திரிந்து பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு இடம் பார்த்தாள், பேசினாள், முடித்தாள். தம்பியிடம் மூச்சு விடவில்லை. எதைச் சொன்னாலும் முதலில் மாட்டேன் என்பான், எல்லாம் முடிந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் உருளைக்கிழங்கு மூட்டை கொண்டுவருகிறவன் முந்திக்கொண்டான். "அடுத்த மாசத்துலேர்ந்து மூட்டைய எங்கண்ணே எறக்கணும்? பள்ளிக்கூடத்து பக்கமா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டான். தம்பி கரண்டியை வைத்தான். ஜன்னல் பக்கம் குனிந்தான். "மூட்டை தூக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. நான் எங்கயும் வரல," என்றான். அதன்பிறகு அக்காவிடம் அவன் வாய் திறக்கவில்லை.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க நெரிசலில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, ராத்திரி சாப்பாட்டு மேசையில் இந்த இரண்டு பேருக்கும் நடுவே தூது போகவேண்டியிருந்தது. "மாமா, குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுங்க," என்பான் தம்பி. அக்கா இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பாள். மாமா அதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்வார். "காதுல விழுந்துச்சுன்னு சொல்லுங்க," என்பாள் அக்கா. அதையும் சொல்வார்.

இடம் மாறிய நாளில் அக்கா மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் ஏற்றினாள். கூடவே ஜன்னலையும் சட்டத்தோடு அறுத்து எடுத்து வரச் சொன்னாள். அந்தப் பலகையில் இருபத்திரண்டு வருடமாக முழங்கை ஊன்றி ஊன்றி ஒரு குழி விழுந்திருந்தது, வேறு பலகையில் அவளுக்குக் கை நிற்காது. புதுக் கடையில் தச்சர், "எந்தச் சுவர்லம்மா?" என்று கேட்டபோது, அக்கா பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடிப்பவனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மோவாயை மட்டும் ஒரு பக்கம் ஆட்டினாள். தச்சர் சொன்னதைச் செய்கிற மனிதர். மோவாய் காட்டிய சுவரில் பதித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது சமையலறை அல்ல, ஒரு சாவிக் கடை. சாயங்காலம் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள், சமையலுக்கு ஆள் யாரும் அமைவதற்கு முன்பே வீம்புக்குக் கடையைத் திறந்தாள். தபால்காரர் வறுவல் கேட்டார். பழக்கதோஷத்தில் சீட்டு எழுதிக் கம்பியில் குத்தினாள். கொஞ்ச நேரத்தில் பலகையில் இரண்டு தட்டு கேட்டது.

முதலில் ஓடி வந்தவர் சாவிக்காரர். தன் கடையில் அந்த இடத்தில் ஒரு நாட்காட்டியும் நானூறு சாவியும்தான் தொங்குகின்றன, ஓட்டை எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தார். அளவுநாடா கொண்டுவந்து சுவரின் கனத்தை அளந்தார். முக்கால் அடி. அந்த முக்கால் அடிக்குள் பழைய சமையலறை மொத்தமும் இருந்தது: உரிந்த பச்சைச் சுவர், பத்து நிமிடம் முந்தி ஓடும் கடிகாரம், எண்ணெய்ச் சட்டி, தம்பியின் தொந்தி. அக்காவின் கணவர் விடுப்புப் போட்டுவிட்டுப் பழைய கட்டடத்துக்குப் போய் ஒளிந்து நின்று பார்த்தார். தம்பி பின்கதவைத் திறந்து உள்ளே போனான். இவர் தெருப்பக்கத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் வெறும் அறை, ஒட்டடை, தரையில் ஒரு செத்த பல்லி. மாலை ஆறரைக்கு அதே கதவு வழியாகத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். சுகாதார அதிகாரி வந்து குனிந்து பார்த்து, சமையலறை சுத்தமாக இருக்கிறது என்று எழுதினார். முகவரி என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு இரண்டு முகவரி எழுதினார். மூட்டைகளை அக்கா ஜன்னல் வழியாகவே உள்ளே தள்ளினாள். எரிவாயு உருளை ஐந்து மாதமாகத் தீரவில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து ஜன்னலைப் பற்றி யாரும் பேசவில்லை, பர்கரில் வெங்காயம் குறைந்துவிட்டது என்றுதான் பேசினார்கள்.

அக்காவுக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. தம்பியும் இறங்கி வரவேண்டியதில்லை, அவளும் இறங்கிப் போகவேண்டியதில்லை. ஒருநாள் மனசு கேட்காமல், "டேய், முட்டி வலி எப்படிடா இருக்கு?" என்று ஜன்னலில் கேட்டாள். உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டு வந்தது. பன் தீரப்போகிறதாம்.

ஐந்து மாதம் தள்ளிக்கொண்டே போன இடிப்பு வேலைக்கு ஒரு புதன்கிழமை நாள் குறித்தார்கள். இங்கிருந்து மட்டும் தெரிகிற சமையலறைக்குள் நிற்கிற மனிதன், அங்கே கட்டடம் விழுந்தால் என்ன ஆவான்? சாவிக்காரருக்கும் தெரியவில்லை, அதிகாரிக்கும் தெரியவில்லை. செவ்வாய் இரவு அக்கா கணவரைத் தூது அனுப்பினாள். "என்னைக் கேட்டா காலி பண்ணாங்க? நானும் யாரையும் கேக்காம அங்கயே இருக்கேன்னு சொல்லுங்க மாமா," என்று பதில் வந்தது. காலையில் தம்பி எப்போதும்போல் கிளம்பிப் போனான். மாமா பின்னாலேயே ஓடி இயந்திரத்தின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். இடிப்பவர் அவரைப் பொறுமையாகக் கூட்டிப்போய்த் தெருப்பக்கத்து ஜன்னல் வழியே காட்டினார். "சார், நீங்களே பாருங்க. உள்ள ஒரு ஈ காக்கா இல்ல." இல்லைதான்.

பத்து இருபதுக்குப் புதுக் கடையில் பலகை அதிர்ந்தது. வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். ஜன்னலில் ஒரு பர்கர் வந்தது, பன்மேல் மாவு தூவியதுபோல் சுண்ணாம்புப் பொடி. பிறகு இரண்டு தட்டு. அக்கா குனிந்து பார்த்தாள். உள்ளே பின்கதவுக்கு மேலே இருந்த கல் இறங்கிக் கதவு இறுகிவிட்டது. தம்பி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வறுவலைக் குலுக்கிக்கொண்டிருந்தான். அக்கா கட்டின கணவரிடம்கூட ஒருநாளும் மன்னிப்புக் கேட்டவள் அல்ல. தலையை ஜன்னலுக்குள் விட்டாள்.

"டேய், தப்பு என்னோடதுடா. உன்னைக் கேட்டிருக்கணும். நீ மாட்டேன்னுடுவியோன்னு பயந்து கேக்கல. கூடவே நின்னவன சம்பளத்துக்கு வச்ச ஆள் மாதிரி நடத்திட்டேன். நீ இல்லாத கடை எனக்கெதுக்குடா? வந்துடுடா."

வரிசையில் நின்ற யாருடைய போனோ அடித்தது, அவர் அவசரமாக அணைத்தார். தம்பி கையைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்," என்றான்.

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதமும் அவன் மாட்டேன் என்று சொன்னதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள், அதற்காக அவன்மேல் கோபம்கூட வைத்திருந்தாள். "சரி, இப்ப வாடா!" என்று கத்தினாள். "அடுப்ப அணைச்சிட்டு வரேன்," என்றவன், நான்கு அடுப்பையும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் அணைத்தான். கூரையிலிருந்து காரை கொட்டிக்கொண்டிருந்தது. தலை வந்தது, தோள் வந்தது, தொந்தியில் மாட்டிக்கொண்டது. சாவிக்காரர் ஒரு கையையும் தபால்காரர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் சாவிக்காரரின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். பலகை உடைந்து தம்பி தரையில் வந்து விழுந்தான், கையில் வறுவல் கூடை. அங்கே கட்டடம் விழுந்த சத்தம் பதினொரு தெரு தாண்டி வருவதற்கு முன் ஜன்னல் வழியாக வந்துவிட்டது.

அடுப்பை எங்கே வைப்பது என்று தம்பிதான் முடிவு செய்தான். கல்லாவுக்குப் பக்கத்திலேயே, நடுவில் சுவர் இல்லாமல் வைத்தான். இப்போது இருவரும் நாள் முழுக்க வாய் ஓயாமல் சண்டை போடுகிறார்கள், மாமா சாப்பாட்டு மேசையில் நிம்மதியாகச் சாப்பிடுகிறார். அக்கா எதற்கெடுத்தாலும் தம்பியைக் கேட்கிறாள். துடைப்பம் வாங்குவதற்குக்கூடக் கேட்டபோது, "என் உயிரை எடுக்காதக்கா," என்று கும்பிட்டான். தப்பான சுவரில் ஜன்னல் அப்படியே இருந்தது. அதில் கொஞ்ச நாள் செங்கல் குவியல் தெரிந்தது, பிறகு வானம், பிறகு தூண்கள். சாரல் உள்ளே அடித்ததால் தச்சரைக் கூப்பிட்டு ஒரு கதவு போட்டுத் தாழ்ப்பாள் வைத்தார்கள். அங்கே அடுக்குமாடி வீடுகள் எழும்பின.

மறுவருடம் ஒரு சாயங்காலம் கதவை யாரோ அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார்கள். அக்காவின் கை பாதி வழியில் நின்றது. தாழ்ப்பாளைத் தொடாமல் திரும்பினாள்.

"என்னடா, தொறக்கலாமா?"

தம்பி கூடையைத் தூக்கி எண்ணெய் வடியும்வரை யோசித்தான். "தொற," என்றான்.

அந்தப் பக்கம் ஒரு சமையலறை இருந்தது. கழுவாத இரண்டு கோப்பைகளும் ஒரு பல் மருத்துவரும் இருந்தார்கள். முந்தாநாள்தான் தரைத்தளத்துக்குக் குடிவந்தாராம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கதவு இருக்கிறதே, இது என்னவென்று தட்டிப் பார்த்தாராம். கல்லாவையும் மேசைகளையும் வரிசையில் நிற்பவர்களையும் அவர் ஒரு சுற்றுப் பார்த்தார். ரெண்டு பர்கர் கிடைக்குமா, ஒன்றில் வெங்காயம் வேண்டாம் என்றார். அக்கா சீட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.