எண் இல்லாதவர்களின் எண்

மூக்கு அடைத்துக்கொண்டு, ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் சுருண்டு கிடந்த வியாழக்கிழமைதான் மருமகளுக்கு அந்த விஷயம் தெரிய வந்தது. காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருந்த லேண்ட்லைன் அடித்தது. அவள் அறிந்தவரை அடித்துப் பழக்கமே இல்லாத ஃபோன் அது. இணைய இணைப்போடு இலவசமாக ஒட்டிக்கொண்டு வந்து, ஒரு மூலையில் தூசி தின்றுகொண்டிருந்தது. அவள் போர்வையை விலக்கி எழுவதற்குள் மாமனார் ஈரக்கையை வேட்டியில் துடைத்தபடி ஓடி வந்து எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க. கதவுப் பூட்டா, பீரோப் பூட்டா? சாவி தொலைஞ்சு போச்சா, இல்ல உள்ளயே மாட்டிக்கிச்சா? சரி, பதறாதீங்க. பூட்டுக்காரர் பதினோரு மணிக்குத்தான் கடை திறப்பார். நான் போய்ச் சொல்லிடறேன். அதுவரைக்கும் யாரும் கதவை உடைக்க வேணாம்."

ஃபோனை வைத்தார், ஒரு நோட்டில் ஏதோ எழுதினார், குடையை எடுத்தார்.

"யாரு மாமா ஃபோன்ல?"

"வழக்கமா வர்றதுதாம்மா. நீ கஷாயம் குடிச்சியா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வழக்கமாக என்ன வருகிறது? அவள் விட்டத்தைப் பார்த்தபடி யோசித்தாள். மாமனார் முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுன்டரில் உட்கார்ந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடை, எத்தனை நிமிடம் தாமதம், குழந்தைக்குப் பால் எங்கே கிடைக்கும் என்று ஊரே அவரிடம்தான் கேட்டது. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் ரயில் கூவினால் கடிகாரத்தைப் பார்த்து "பன்னெண்டு நிமிஷம் லேட்டு" என்பார். காது கொடுக்க ஆள் இருக்காது. சவரம் நின்றது, சாப்பாடு பாதியானது, மனிதர் வாடிப்போனார். ஆனால் மூன்று வாரமாக ஆளே மாறிவிட்டார். காலையில் சவரம், இரண்டாம் தடவை சோறு, சின்னதாக ஒரு சீட்டி வேறு. தாங்கள் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பின் மகிமை என்று மகனும் மருமகளும் தங்களைத் தாங்களே மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் ஃபோன் அடித்தது. இந்தத் தடவை அவளே எடுத்தாள். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, உடனே ஆள் வேண்டும் என்றது ஒரு பெண்குரல்.

"இந்த நம்பர் உங்களுக்கு எப்படிங்க கிடைச்சுது?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? ரிப்பேர்காரங்க வெப்சைட்ல நீங்கதானே போட்டிருக்கீங்க!"

அவளுக்குச் சளி, தலைவலி எல்லாம் போன இடம் தெரியவில்லை. நீங்கதானே போட்டிருக்கீங்க. ஆமாம், அவளேதான் போட்டிருந்தாள்.

ஊரில் உள்ள தச்சர், பூட்டுக்காரர், குழாய் வேலைக்காரர் என்று முந்நூறு பேரின் விவரம் அடங்கிய அந்த வலைத்தளத்தை அவளுடைய அலுவலகம்தான் செய்தது. ஃபோன் எண் முப்பது பக்கங்களில் வரும். முப்பது இடத்திலும் அதையே திரும்பத் திரும்ப எழுதினால் கை ஒடிந்துவிடும். அதற்குத்தான் ஹெல்பர் என்கிற குட்டி நிரல். வேலையை ஒரே தடவை எழுதி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டால், எந்தப் பக்கமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்த வேலையை வாங்கிக்கொள்ளும். ஃபோன் எண்ணை இடைவெளி விட்டு அழகாகக் காட்டும் ஹெல்பரை அவள்தான் எழுதினாள். எண் தராதவர்களுக்கு என்ன காட்டுவது? சோதித்துப் பார்க்க ஏதோ ஒரு எண் தேவைப்பட்டது. யாரும் கூப்பிடாத எண்தானே என்று வீட்டு லேண்ட்லைனை எழுதினாள். பிறகு எடுத்துவிட்டு 'எண் இல்லை' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. எண் தராத நாற்பத்தொரு பேருக்கும் மூன்று வாரமாக அவள் வீட்டு ஃபோன்தான் ஃபோன்.

அதுவும் எப்போது! நாளை வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பூதக்கண்ணாடி. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிற மேலாளருக்கு அலுவலகம் மறைவில் வைத்திருந்த பெயர் அது.

மாமனார் பதினொன்றரைக்குத் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னாள். ஒரே ஒரு வரிதான், இரண்டு நிமிட வேலை, மாற்றிவிட்டால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்றாள்.

அவர் குடையை மெதுவாக மடித்தார்.

"அப்போ நாளையிலேர்ந்து என்னம்மா வரும்?"

"எண் இல்லைன்னு வரும் மாமா."

"அது எப்படிம்மா? ஒருத்தர் வந்து கேக்கறாரு. இல்லைன்னு சொல்லி அனுப்பறதுக்கு எதுக்கு ஒரு கவுன்டர்? எனக்குத் தெரியலைன்னா கூட, இருங்க, விசாரிச்சு சொல்றேன்னுதான் சொல்லியிருக்கேன்." குடையை மூலையில் சாய்த்து வைத்தார். "சரி, உன் வேலைக்கு ஆபத்துன்னா மாத்திடு. நீதாம்மா முக்கியம்."

சொல்லிவிட்டு அந்த நோட்டை அவளிடம் நீட்டினார். முதல் இரண்டு நாள் 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டாராம். மூன்றாம் நாள் மனசு கேட்காமல், தளத்தில் போட்டிருந்த முகவரியைக் கூப்பிட்டவரிடமே கேட்டு வாங்கிக்கொண்டு தச்சர் கடைக்கே நடந்திருக்கிறார். அப்படியே ஒவ்வொருவராகப் பார்த்து, கடை திறக்கும் நேரம், எந்த வேலைக்கு வருவார், எதற்கு வர மாட்டார் எல்லாம் ரயில் அட்டவணை போலக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் அவரவர் ஃபோன் எண்கள். மொத்தம் முப்பத்தொன்று. அவளுக்குக் கண் கலங்கியது. சளி மேல் பழியைப் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் பூதக்கண்ணாடியின் மேசையில், நிரந்தரப் படிவத்துக்கு மேலேயே அந்த நோட்டை வைத்தாள். சத்தமில்லாமல் திருத்திவிடலாமா என்று இரவெல்லாம் மனசு குரங்காட்டம் போட்டதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

மேலாளர் திரையில் அந்த வரியைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"வீட்டு நம்பரைப் போட்டது தப்பு. அந்த வரியை நானும் தாண்டிப் போயிருக்கேன், அது அதைவிடப் பெரிய தப்பு. இந்தப் 'பூட்டு உடைக்க வர மாட்டார், திறக்க மட்டும் வருவார்'ங்கற விவரம் எல்லாம் யாரு எழுதினது?"

"என் மாமனார், மேடம்."

"நம்ம ஆளுங்க ரெண்டு மாசம் அலைஞ்சும் வாங்க முடியாத நம்பர் இதெல்லாம்." நோட்டை மூடினார். "முப்பத்தொண்ணை ஏத்திடு. மீதி பத்துப் பேர்?"

"எண் இல்லைன்னு காட்டிடலாம், மேடம்."

"எதுக்கு? அவருக்குச் சம்மதம்னா அவர் நம்பரே இருக்கட்டும். விசாரணைன்னு பேர் போட்டு. ஏன் இருக்குன்னு ஹெல்பர்ல அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதிடு, இல்லன்னா பின்னால வர்றவங்க தப்புன்னு நினைச்சு அழிச்சிடப் போறாங்க. ஆனா முதல்ல அவர்கிட்ட கேளு. நீயா முடிவு பண்ணாதே, ஒரு தடவை பண்ணது போதும்." பேனாவின் மூடியைத் திறந்து, படிவத்தின் மேல் பிடித்தபடி காத்திருந்தார். "இப்பவே கேளு."

அவள் வீட்டு எண்ணை அழுத்தினாள். லைன் பிஸி. மறுபடியும் அழுத்தினாள். பிஸி. மூன்றாம் தடவை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தாள். டொய்ங், டொய்ங் என்ற அந்தச் சத்தத்தை, பேனாவும் கையுமாகப் பூதக்கண்ணாடியும் அவளும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.