பின்னணிச் சத்தங்களின் பட்டியல்

ஹெட்போன் வந்த அன்று காலை அதோடு ஒரு அதிகாரியும் வந்தார். நல்ல ஹெட்போன் வாங்கினால் அதிகாரி வருவது வழக்கம்தான். அட்டைப்பெட்டியைச் செங்கோடன் கையில் வாங்கிக்கொண்டார். அதிகாரி தன் மடக்கு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“பொன்னுரங்கமுங்க. ஒலிச் சீரமைப்பு. முழுசாக் கேக்கற வரைக்கும் இங்கதான் இருப்பனுங்க.”

“சாப்பாடு?”

“கொண்டாந்திருக்கறனுங்க.”

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்வது செங்கோடனின் வேலை. பன்னிரண்டு வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறார். காதில் ஹெட்போன். காலடியில், பேச்சை நிறுத்தவும் பின்னுக்கு ஓட்டவும் ஒரு பெடல். அந்தத் தொழிலுக்குச் சட்டம் இரண்டுதான். பேசுகிறவர் ஒருவர், மற்றதெல்லாம் பின்னணி. பின்னணியை அடிக்கக் கூடாது. காதில் பிடிபடாத சொல்லுக்குக் கோடு போட்டு இடம் விட வேண்டும். டாக்டர் எவ்வளவு மென்று விழுங்கினாலும் செங்கோடன் இதுவரை ஒரு கோடு விட்டதில்லை. அந்த விஷயத்தில் ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

ஒரே ஒரு பதிவில் மட்டும் கோடு இருந்தது. அது டாக்டர் பேசியதல்ல. மூன்று வருடத்துக்கு முன் அவர் மனைவி வளர்மதி சமையலறையிலிருந்து அனுப்பிய குரல் செய்தி. ஹெட்போனை மாட்டிவிட்டால் அந்த மனுஷனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் புருஷனுக்கு அவள் போனில்தான் பேசி அனுப்புவாள். அவர் வேலை முடிந்ததும் கேட்பார். அன்றைக்கும் வேலை முடிந்ததும்தான் கேட்டார். அதற்குள் அவள் அடுப்படியில் விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மொத்தம் பதினான்கு வினாடி. அவர் அடித்து வைத்திருந்தது இவ்வளவுதான்:

ஏனுங்க, ______ பண்ணுது. ______ இருக்குது. ______.

ஆயிரம் தடவைக்கு மேல் கேட்டிருப்பார். அந்தக் கடைசிக் கோட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் செத்துப்போக அவருக்கு மனமில்லை. இந்த ஹெட்போனை வாங்கியது அதற்காகத்தான்.

“முன்னாடி ஓட்டையில சொருகாதீங்க” என்றார் பொன்னுரங்கம். “பின்னாடிதான் சுத்தமா வரும்.”

செங்கோடன் ஒயரின் நுனியைப் பிடித்துக்கொண்டு கணினியின் பின்பக்கத்துக்குப் போனார். போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. வழியில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் ஆளுக்கொரு ஒயரோடு உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை நாளாக என்று கேட்டார். புரட்டாசியிலிருந்து என்றார்கள். அதிகாரி வந்திருக்கிறார் என்றதும் எழுந்து வழி விட்டார்கள். பச்சை ஓட்டையில் செருகிவிட்டு அதே வழியில் திரும்பி வந்தார்.

அதற்குள் பொன்னுரங்கம் திரையில் அமைப்புகளைத் திறந்து, ஒலித் தரத்தை இருபத்துநான்கு பிட், நாற்பத்தெட்டாயிரம் ஹெர்ட்ஸ் என்று மாற்றி வைத்திருந்தார். “சத்தத்துக்குப் போட்டிருந்த மெருகு பூராத்தையும் எடுத்துட்டனுங்க. மெருகு இருந்தா உள்ளது கேக்காது.”

செங்கோடன் பதிவை ஓட விட்டார். சத்தம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியாகக் கேட்டது. வளர்மதி மட்டும் இருந்த இடத்திலேயே அமுங்கிக் கிடந்தாள். ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளினார். அவருக்கு அழுகையாக வந்தது.

“அதுக்குத்தானுங்க இது” என்று பொன்னுரங்கம் ஒரு பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு டிக் இருந்தது.

மின்விசிறி.
எதிர் வீட்டு இருமல்.
குக்கர்.
தெருவிலுள்ள தறிகள்.
பெண் குழந்தை, தொடர்ந்து.

“வேண்டாததுல டிக்க எடுத்துட்டாப் போதுமுங்க.”

செங்கோடன் முதல் டிக்கை எடுத்தார். தலைக்கு மேல் மின்விசிறி இல்லை. கொக்கி மட்டும் இருந்தது. வெயில் காலம் முடிந்துவிட்டது, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவதை எடுத்தார். எதிர் வீட்டு ராமாயி அக்காவின் இருமல் பதிவிலிருந்து போய்விட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். அக்கா வீட்டு வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. பன்னிரண்டு வருடமாகப் பக்கத்திலிருந்த மனுஷி, வளர்மதி விழுந்த அன்று முதலில் ஓடி வந்தவள்.

“இதத் திரும்பப் போட முடியுமுங்களா?”

“தாராளமா. அந்தச் சத்தமே நேர்ல வந்து கேக்கோணும். வாய் விட்டுக் கேக்கோணுமுங்க.”

செங்கோடன் ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். பிறகு பெடலை மிதித்துப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டார். முதல் கோடு நிரம்பியது. ஏனுங்க, நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது. அவர் அதை அடித்தார். எழுத்துப்பிழை இல்லை.

மூன்றாவதை எடுத்தார். பாலு அடுப்புல இருக்குது. அதையும் அடித்தார்.

மகள் பனிமலர் உள்ளறையிலிருந்து வந்தாள். ஒன்பது வயது. அவள் தோளைத் தட்டியதும் அவர் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

“அப்பா, குக்கரக் காணம். பசிக்குது.”

“சித்த இரு சாமி. இன்னும் ஒண்ணுதான்.”

“காத்தால இருந்து இதயேதான் சொல்றீங்க.”

அவர் ஹெட்போனை மறுபடி காதில் இறக்கிவிட்டு நான்காவதை எடுத்தார். அவர் பிறந்ததிலிருந்து அந்த ஊரில் தறிச்சத்தம் நின்றதில்லை. நின்றது. தறி ஓட்டிய ஆட்கள் எல்லோரும் தெருவுக்கு வந்து, பாதி நெய்த துணியைக் கையில் பிடித்தபடி அவர் வீட்டைப் பார்த்து நின்றார்கள். எல்லோருக்கும் வாய் அசைந்தது. பொன்னுரங்கம் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, கொண்டு வந்த டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார்.

இப்போது பதிவில் இரண்டே குரல்கள் இருந்தன. வளர்மதி கடைசியாக ஆறு வினாடி பேசுகிறாள். அந்த ஆறு வினாடியும் அவள் மேலேயே ஒரு குழந்தை “அப்பா, அப்பா” என்று கத்துகிறது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

பனிமலர் பின்னால்தான் நின்றிருந்தாள். திரையை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும் வயது. மறுபடி தோளைத் தட்டினாள். அவர் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

“அப்பா, என்னையுமா எடுக்கப் போறீங்க?”

“இல்ல சாமி. அது நீ இல்ல. அது மூணு வருசத்துக்கு முந்தி கத்துன பாப்பா. ஆறு வயசு.”

“அது நாந்தானப்பா.”

செங்கோடன் அதிகாரியைப் பார்த்தார். “வயசு வித்தியாசம் பாப்பீங்கதானுங்க?”

“பட்டியல்ல வயசுக்குக் கட்டமே இல்லீங்க.”

“வேற வழி?”

“கோடு போட்டு இடம் விட்டர்லாமுங்க” என்றார் பொன்னுரங்கம். “நெறையப் பேரு விட்டுட்டுத்தான் போறாங்க.”

அது செங்கோடனுக்குச் சுருக்கென்று தைத்தது. பயமாகவும் இருந்தது. மகளைக் கண்டால் அவருக்கு உயிர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பன்னிரண்டு வருடப் பழக்கம் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு பேசியது. பேசுகிறவர் ஒருவர். மற்றதெல்லாம் பின்னணி. கேட்டு அடித்துவிட்டு உடனே டிக்கைப் போட்டுவிடலாம், பாப்பா நன்றாக வாய் விட்டுக் கேட்பாள், அவளுக்குக் கேட்கத் தெரியாதா என்று அவர் கணக்குப் போட்டார்.

“ஒரே நிமிசம் சாமி” என்றார். ஹெட்போனை இரண்டு காதிலும் சரியாகப் பொருத்தினார். பின்னால் அவள் கூப்பிட்டிருக்க வேண்டும். அது நல்ல ஹெட்போன், ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது டிக்கை எடுத்தார்.

வளர்மதி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேசினாள். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. செங்கோடன் கேட்கக் கேட்க அடித்தார்.

பாப்பா எத்தன நேரமாக் கூப்பிடறா. அதக் கழட்டி வெச்சுட்டு ஒருக்கா திரும்பிப் பாருங்க.

அவர் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் பனிமலர் இல்லை. உள்ளறை வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. சுண்ணாம்பு ஈரமாக இருந்தது.

அவசரமாக ஐந்தாவது டிக்கைப் போட்டார். அது நிற்கவில்லை. மறுபடி போட்டார். நிற்கவில்லை.

“அவங்க வந்து கேக்கோணுமுங்க” என்றார் பொன்னுரங்கம். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். “விட்ட எடம் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

செங்கோடன் திரையைப் பார்த்தார். ஒரு கோடும் இல்லை.

“இல்லீங்க.”

பொன்னுரங்கம் அதை எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாற்காலியை மடக்கிக் கிளம்பினார். செங்கோடன் எழுந்து போய் ஈரச் சுவரில் காதை வைத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். ஒரு கரகரப்புகூட இல்லை.