அப்பா திறந்த வால்வு

அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறிய அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள் தங்கை.

"எழுந்திரு. அழறதுக்கு உனக்கு யோக்கியதை இல்ல."

கூடத்தில் இருந்த சொந்தங்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மெதுவாடி, அப்பா படுத்திருக்கார்," என்றாள் அம்மா, தூங்குகிறவரை எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல. மூலையில் யாரோ, "கொடுத்து வெச்ச மனுஷன், படுக்கையில கிடக்காம பொசுக்குன்னு போயிட்டார்," என்றார்கள். கொடுத்து வைத்தவராம்! அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ரத்தம் ஓடும்போது குழாயின் சுவர் எங்கே எவ்வளவு இழுபடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அப்பாவின் வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் அகலத்தை அளந்து, ஆபரேஷன் செய்யும் அளவு இன்னும் வரவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றுவிட்டார். அவள் அதே ஸ்கேனைத் தன் கணக்கில் போட்டாள். உப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அதிகம் இழுபடும் அதன் முதுகுப்புறம் திரையில் சிவப்பாக எரிந்தது. அந்த இடம்தான் தாங்காது.

"இது ஆராய்ச்சிம்மா, ஜோசியம் இல்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத," என்றார் மேலதிகாரி. அவள் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் படத்தை வைத்தாள்.

"டாக்டரே வேணாங்கறார். கலர் படத்தைப் பார்த்து வயித்தைக் கிழிக்கச் சொல்றியா?" என்றான் அண்ணன்.

"சண்டை போடாதீங்க. என் வயிறு எங்கயும் ஓடிடாது," என்று அப்பா சிரித்தார்.

கடைசியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இருவரையும் ஒப்புக்கொள்ள வைத்தாள்: அப்பா தம் கட்டி எதையும் தூக்கக் கூடாது, திருகக் கூடாது. தம் கட்டினால் அழுத்தம் எகிறும். நேற்று காலை மாடித் தொட்டியின் வால்வு இறுகிப்போய் வீட்டில் தண்ணீர் வரவில்லை. அப்பா ஸ்பேனரோடு மாடி ஏறினார். கீழே இறங்கி வரவில்லை.

"அவ்வளவு சொன்னேனே. உனக்குக் கை இல்லையா? அவரை ஏன் கூப்பிட்ட?"

அண்ணன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். தோல் உரிந்து கன்றிப்போயிருந்தது.

"கூப்பிடல பாப்பா. நான்தான் திருகிட்டிருந்தேன், வரல. 'தள்ளுடா சோம்பேறி'ன்னு பின்னாலயே வந்து நிக்கறார். நீ சொன்னதைச் சொன்னேன். 'அவ கிடக்கறா, கம்ப்யூட்டருக்கு என் கை வலு தெரியுமா'ன்னார். திறந்துட்டு, என்னைப் பார்த்து சிரிச்சார். அப்புறம் இடுப்பைப் பிடிச்சிட்டு உட்கார்ந்துட்டார்."

அவள் காலரை விட்டாள். கோபம் மட்டும் விடவில்லை. வெள்ளைத் துணிக்கு வெளியே தெரிந்த அந்தப் பிடிவாத மூக்கைப் பார்த்தாள். இந்த மனுஷனிடம் இனி யார் சண்டை போடுவது? தோற்றாலும் ஜெயித்தாலும் பதில் சொல்ல அவர் இல்லையே. பாவி மனுஷன்!

விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போனாள். அங்கே அத்தை கை கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பீறிட்டு வந்து அத்தையின் புடவையை நனைத்தது.

"அடேயப்பா, என்ன வேகம்! எங்க அண்ணன் கை பட்டா சும்மாவா?" என்று மூக்கை உறிஞ்சியபடி அத்தை குழாயைச் சட்டென்று மூடினாள்.

சுவருக்குள் பைப் தடதடவென்று அதிர்ந்து அடங்கியது. அத்தை போன பிறகும் அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள்.

பிறகு அந்தக் கையை எடுக்காமலேயே குழாயை மறுபடி திறந்தாள்.